வெள்ளைக்கு எது சரி? பிளீச்சிங், பெராக்சைடு, பவுடர், ஓசோன்: ஒரு லாண்டரிக் கணக்கு

பழைய வண்ணாரப்பேட்டையில் என் மாமா ஒரு சின்ன லாண்டரி வைத்திருக்கிறார். இரண்டு வாஷிங் மெஷின், ஒரு டிரையர், மழைக்காலத்தில் மட்டும் திட்டு வாங்கும் மொட்டைமாடிக் கொடி. மண்ணடிப் பக்கத்து லாட்ஜ் துணிகளும் ஒரு நர்சிங் ஹோமின் பெட்ஷீட்டுகளும்தான் கடை வாடகையைக் கட்டுகின்றன. போன ஐப்பசியில் அந்த நர்சிங் ஹோமிலிருந்து நாற்பது ஷீட் திரும்பி வந்தது. ஒவ்வொன்றிலும் டீ சிந்திக் காய்ந்ததுபோல் பழுப்புத் திட்டு. ரத்தக்கறை சரியாகப் போகவில்லை என்று நினைத்து மாமா இன்னொரு தடவை பிளீச்சிங் போட்டார். திட்டு கறுத்தது. மூன்றாம் தடவை போட்டதில் துணி இற்றுப்போய், இரண்டு கையால் இழுத்தாலே பர்ரென்று கிழிந்தது.

"கெமிஸ்ட்ரிதானே படிச்சே. இது இன்னான்னு பாரு மாப்ள" என்று ஒரு ஷீட்டை என் மடியில் போட்டார்.

அது ரத்தமே இல்லை. கை கழுவவும், ஆபரேஷனுக்கு முன் தோலைத் துடைக்கவும் ஆஸ்பத்திரிகளில் குளோர்ஹெக்சிடின் என்ற மருந்து உண்டு. துணியில் பட்டால் கண்ணுக்குத் தெரியாமல் பருத்தி நூலைப் பிடித்துக்கொள்ளும். சோப்பில் முழுசாகப் போகாது. அதன்மேல் பிளீச்சிங்கில் இருக்கும் குளோரின் பட்டதும் பழுப்பாகி அங்கேயே உட்கார்ந்துவிடும். மாமா கறையை எடுக்கவில்லை, சாயம் போட்டுக்கொண்டிருந்தார்.

பிளீச்சிங்கை விட்டால் வேறு எதற்குப் போவது என்ற கேள்வி அன்றைக்கு ஆரம்பித்தது. விசாரித்ததில் மூன்று வழி வந்தது. ஒன்று, திருப்பூர்க்காரர்கள் எல்லோரும் பயன்படுத்தும் ஹைட்ரஜன் பெராக்சைடு. இரண்டாவது, 'ஆக்சிஜன் பிளீச்' என்று விற்கும் சோடியம் பெர்கார்பனேட் பவுடர். மூன்றாவது, ஒரு சேல்ஸ்மேன் டேப்லெட்டில் வீடியோ போட்டுக் காட்டிவிட்டுப்போன ஓசோன் மெஷின். பழைய பிளீச்சிங்கும் சேர்ந்தால் நான்கு.

ஒப்பிடுவதற்குமுன் ஒரு விஷயம். வெளுக்கிற பொருள் எல்லாமே தன்னளவில் நிலைகொள்ளாத பொருள்தான். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நிம்மதியாக உட்கார்ந்த நிலைக்குப் பெயர் தண்ணீர். அதனால்தான் அதில் டீக்கறையை ராத்திரி முழுக்க ஊறவைத்தாலும் கறை அப்படியே இருக்கிறது. தண்ணீரிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிய்க்க மோலுக்கு ஏறத்தாழ 497 கிலோஜூல் வேண்டும். அதே இரண்டு ஹைட்ரஜனுக்கு நடுவில் இன்னொரு ஆக்சிஜனைச் செருகினால் பெராக்சைடு. அதன் நடுவில் இருக்கும் ஆக்சிஜன்–ஆக்சிஜன் பிணைப்பை அறுக்கச் சுமார் 210 போதும். அந்தத் தளர்ச்சிதான் நமக்குச் சோறு போடுகிறது. ஆகவே எதை வாங்கினாலும் நாம் காசு கொடுப்பது ஒரு நிலையின்மைக்கு. அது கடை மூலையில் சும்மா இருக்கவேண்டும், துணிமேல் பட்டதும் உடையவேண்டும். எந்தச் சரக்கு இந்த இரண்டையும் நம் கடையில், நம் வெயிலில், நம் தண்ணீரில் ஒழுங்காகச் செய்யும் என்பதுதான் கணக்கு.

இந்த ஊர்க்காரர்களுக்கு இது புதுசும் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலில் ஏற்றிய துணிகளை வெளுத்துக்கொடுத்தவர்கள் குடியிருந்த இடம்தான் வண்ணாரப்பேட்டை. துணியை நனைத்து வெயிலில் விரிப்பது, காயக் காயத் தண்ணீர் தெளிப்பது, மறுபடி விரிப்பது. ஈரத் துணியில் வெளிச்சம் பட்டு, காற்றின் ஆக்சிஜனிலிருந்து நொடிப்பொழுதே உயிரோடிருக்கும் சில வகைகள் பிறந்து நிறத்தை உடைக்கின்றன. சேமிக்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். நாள்கணக்கில் காத்திருந்தால் போதும். ஐரோப்பாவில் இதற்கு மாதக்கணக்கில் புல்வெளி தேவைப்பட்டது. 1785-இல் பெர்தொலே என்ற பிரெஞ்சு வேதியியலாளர் குளோரினால் துணி வெளுத்துக் காட்டினார். 1799-இல் கிளாஸ்கோவில் சார்ல்ஸ் டென்னன்ட் பிளீச்சிங் பவுடருக்குக் காப்புரிமை வாங்கினார். நிலையின்மையை மூட்டையில் கட்டி விற்க ஆரம்பித்தது அப்போதுதான்.

பிளீச்சிங்கின் நல்ல குணங்களை மறைக்கக் கூடாது. பச்சைத் தண்ணீரிலேயே வேலை செய்யும். மலிவு. கிருமியைக் கொல்லும். மாமாவின் கைக்கு அளவு தெரியும். குறை என்னவென்றால் சென்னை வெயில் அதற்கு ஆகாது. லிக்விடாக வரும் சோடியம் ஹைப்போகுளோரைட் வாங்கும்போது 10, 12 சதவீதம் இருக்கும். தகரக் கூரைக்கு அடியில் வாரக்கணக்கில் நின்றால் பாதி வீரியம் போயிருக்கும். எவ்வளவு மிச்சம் என்று தெரியாததால் கை தாராளமாக ஊற்றும். புதுக் கேன் வந்த அன்றும் அதே தாராளம். பருத்தி அங்கேதான் சாகிறது. சரியாக அலசாமல் தேய்த்தால் மஞ்சள் வேறு பூக்கும்.

இங்கே ஒரு வார்த்தைக் குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் 'ஹைப்போ' என்றால் ஹைப்போகுளோரைட். பழைய போட்டோ ஸ்டூடியோவிலும் கெமிக்கல் கடையிலும் 'ஹைப்போ' என்றால் சோடியம் தயோசல்பேட். ஒன்று குளோரினைத் தரும், இன்னொன்று குளோரினைத் தின்னும். பாரிமுனையில் போய் வெறுமனே "ஹைப்போ குடுங்க" என்று கேட்டால் எது வரும் என்பது கடைக்காரரின் வயதைப் பொறுத்தது.

சரி, பெராக்சைடுக்கு வருவோம். என் மனசு ஆரம்பத்திலிருந்தே இதன் பக்கம்தான் சாய்ந்திருந்தது. அதனால் இதைத்தான் அதிகம் சந்தேகப்பட்டேன்.

1818-இல் தெனார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் பேரியம் பெராக்சைடை அமிலத்தில் கரைத்து இதைக் கண்டுபிடித்தார். 'ஆக்சிஜன் ஏற்றிய தண்ணீர்' என்றே அழைத்தார். பெயர் பொருத்தம்தான். நான் வாங்கிவந்த கேனைத் திறந்து பார்த்த மாமா, "இன்னா மாப்ள, வெறும் தண்ணி மாதிரி கீது?" என்றார். வாசனையும் கிட்டத்தட்ட இல்லை. பிளீச்சிங் என்றால் மூக்கைத் துளைக்கவேண்டும் என்று முப்பது வருஷம் பழகியவருக்கு இது ஏமாற்று வேலையாகவே தெரிந்தது. ஒரு சொட்டு விரலில் பட்டது. அரை நிமிஷத்தில் சுருக்கென்று குத்தி, அந்த இடம் சுண்ணாம்பு தடவியதுபோல் வெளுத்தது. தோலுக்குள் நுழைந்த பெராக்சைடு உடைந்து, ஆக்சிஜன் குமிழாக அடைபட்டதால் வந்த வெள்ளை. கொஞ்ச நேரத்தில் மறைந்தது. அதற்கப்புறம் அவர் அதைத் தண்ணி என்று சொல்லவில்லை. கிளவுஸ், கண்ணாடி இரண்டும் கட்டாயம். கண்ணில் பட்டால் இப்படிச் சுலபமாக மறையாது.

பார்லரில் '20 வால்யூம்' என்று ஒரு பாட்டில் இருக்கும், பார்த்திருப்பீர்கள். ஒரு லிட்டர் உடைந்தால் 20 லிட்டர் ஆக்சிஜன் தரும் என்று அர்த்தம். அது 6 சதவீதம். லாண்டரிக்கு வருவது 35 அல்லது 50 சதவீதம். 50 சதவீதக் கரைசல் ஒரு லிட்டர் 1.2 கிலோ எடை. அதில் 600 கிராம் பெராக்சைடு. முழுக்க உடைந்தால் ஏறத்தாழ 200 லிட்டர் ஆக்சிஜன். 35 சதவீதம் என்றால் 130 லிட்டர். வாயு மட்டுமா வருகிறது, சூடும் வரும்: ஒவ்வொரு 34 கிராமுக்கும் 98 கிலோஜூல். சூடு ஏறினால் உடைவது வேகமாகும், உடைந்தால் சூடு ஏறும். 10 டிகிரிக்கு வேகம் சுமார் இரண்டு மடங்கு. சுமார் 65 சதவீதத்தைத் தாண்டிவிட்டால், தன்னிடமிருக்கும் தண்ணீர் முழுவதையும் ஆவியாக்கும் அளவு சூடு அதனிடமே இருக்கிறது. சோயுஸ் ராக்கெட் எரிபொருள் பம்பை ஓட்ட 82 சதவீதப் பெராக்சைடை எடுத்துக்கொள்வது அந்தக் குணத்துக்காகத்தான். 2000 ஆகஸ்டில் ரஷ்யாவின் குர்ஸ்க் நீர்மூழ்கி 118 பேரோடு மூழ்கியதும் அடர் பெராக்சைடில் ஓடும் டார்பிடோ ஒன்று கசிந்ததால்தான்.

இதைப் படித்துவிட்டு மாமாவிடம் சொன்னது என் தப்பு. ரெண்டு நாள் கேன் பக்கமே போகவில்லை.

உண்மையில் சுத்தமாக வைத்தால் பெராக்சைடு ஆச்சரியமான அளவு சாது. லேசான அமிலத்தன்மையோடு, வெள்ளீய உப்பு, பாஸ்பேட் மாதிரி நிலைப்படுத்திகள் சேர்த்து வருகிறது. நிழலில் இருந்தால் வருஷத்துக்கு ஒரு சதவீதம்கூடக் குறையாது. ஹைப்போகுளோரைட் பக்கத்தில் இது பீரோவில் பூட்டிய நகை மாதிரி. அதைக் கெடுப்பது அழுக்கு. இரும்பு, செம்பு, மாங்கனீஸ் கொஞ்சம் விழுந்தால் போதும். எங்கள் போர் குழாய் வாயிலிருந்து துருவைச் சுரண்டி, ஒரு டம்ளரில் கால்வாசி ஊற்றிய பெராக்சைடில் போட்டுக் காட்டினேன். முதலில் ஊசிமுனைக் குமிழ்கள், அப்புறம் சோடா பாட்டில் திறந்ததுபோல் இரைச்சல், கடைசியில் டம்ளரைத் தொடமுடியாத சூடு. துரு அப்படியே இருந்தது. அது செலவாவதே இல்லை. பெராக்சைடு தீரும்வரை அடுத்தது அடுத்தது என்று உடைத்துக்கொண்டிருக்கும்.

வடசென்னை லாண்டரிக்காரர் கவனிக்கவேண்டிய இடம் இதுதான். நிறைய போர் தண்ணீரில் இரும்பு உண்டு. வெள்ளை வாளியை இரண்டு நாள் வைத்தால் ஓரத்தில் ஆரஞ்சுக் கோடு விழும். இரும்புக் கட்டில் துரு பட்ட பெட்ஷீட்டைப் பெராக்சைடில் போட்டால், அந்தப் புள்ளியில் மட்டும் கட்டுக்கடங்காமல் உடைந்து பருத்தியையே அரித்துவிடும். துவைத்துவந்த ஷீட்டை டியூப்லைட்டுக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். துரு இருந்த இடத்தில் குண்டூசி குத்தியதுபோல் ஓட்டைகள் வரிசையாகத் தெரியும். அதனால் துருக்கறையை முதலில் ஆக்சாலிக் அமிலத்தில் எடுத்து, நன்றாக அலசியபிறகுதான் பெராக்சைடு. பிளீச் ரவுண்டுக்கு மட்டும் மெட்ரோ தண்ணீர் பிடித்துவைப்பது நல்லது.

ரத்தமும் இதே வேலையைச் செய்யும். காயத்தில் பெராக்சைடு ஊற்றினால் நுரைப்பது ரத்தத்தில் இருக்கும் கேட்டலேஸ் என்ற நொதியால். அதன் ஒரு மூலக்கூறு நொடிக்கு லட்சக்கணக்கில் பெராக்சைடை உடைக்கும். நுரையைப் பார்த்து "நல்லா வேலை செய்யுது" என்று சந்தோஷப்படுவார்கள். துணிக்குப் போகவேண்டியது காற்றில் போகிறது. ஆஸ்பத்திரித் துணியை முதலில் பச்சைத் தண்ணீரில் இரண்டு தடவை அலசி ரத்தத்தைக் கழித்துவிடவேண்டும். சுடுதண்ணீரில் ஆரம்பித்தால் ரத்தம் வெந்து நூலில் ஒட்டிக்கொள்ளும், அது வேறு தொல்லை.

பெராக்சைடின் உண்மையான செலவு கேனில் இல்லை, அடுப்பில் இருக்கிறது. பச்சைத் தண்ணீரில் அது தூங்கும். காரம் சேர்த்து, அமிலத்தன்மை அளவான பிஎச்சை 10.5, 11 வரை ஏற்றினால்தான் அது ஒரு ஹைட்ரஜனை விட்டுவிட்டு வெளுக்கும் உருவத்துக்கு வரும். அதோடு சூடும் வேண்டும். திருப்பூர் மில்லில் 90, 95 டிகிரியில் ஓட்டுகிறார்கள். எங்கள் கேஸ் ஹீட்டர் 70-ஐத் தாண்டத் திணறும். அந்தச் சூட்டில் நேரத்தைக் கூட்டினோம்: ஒரு கிலோ துணிக்கு 35 சதவீதம் 10 மில்லி, சோடா, நாற்பது நிமிஷம். வெள்ளை வந்தது. குளோர்ஹெக்சிடின் பட்ட ஷீட் பழுப்பாகவில்லை. கிழித்துப் பார்த்தோம், கிழியவில்லை.

பெர்கார்பனேட் பவுடரைப் பெராக்சைடின் உப்புக்கண்டம் என்று சொல்லலாம். சலவை சோடாவும் பெராக்சைடும் ஒன்றாகப் படிகமானது. எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு பெராக்சைடு. தண்ணீரில் போட்டதும் பிரிந்துவிடும், காரமும் கூடவே வருகிறது. கேன், ஆவி, விரல் வெளுப்பு எதுவும் இல்லை. ஸ்பூனில் அளந்து போடலாம். புது ஆள் கையிலும் தைரியமாகக் கொடுக்கலாம். கணக்கு இங்கே இடிக்கும்: ஒரு கிலோ 50 சதவீத லிக்விடில் அரை கிலோ சரக்கு, ஒரு கிலோ பவுடரில் 300 கிராம், விலையோ பவுடருக்குத்தான் அதிகம். அப்புறம் காசிமேட்டுக் கடற்காற்று. பையை ஒழுங்காகக் கட்டாவிட்டால் ஈரம் பட்டுக் கட்டிதட்டி, கொஞ்சம் கொஞ்சமாகப் பெராக்சைடு போய் வெறும் சலவை சோடா மிஞ்சும். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஒரு சிட்டிகையைச் சுடுதண்ணீரில் போட்டு நுரை வருகிறதா என்று பார்ப்பதுதான் வீட்டுச் சோதனை. காரமானது என்பதால் பட்டுக்கும் கம்பளிக்கும் ஆகாது. வீட்டில் வெள்ளை வேட்டி, பள்ளிக்கூடச் சட்டை வெளுக்க நினைப்பவர்கள் மற்ற எதையும் யோசிக்காமல் இதையே வாங்கலாம்.

ஓசோனைச் சேமிக்கவே முடியாது என்பதுதான் அதன் கவர்ச்சி. மூன்று ஆக்சிஜன் அணு. மின்சாரத்தால் அந்தந்த நிமிஷம் உண்டாக்கி, அந்தந்த நிமிஷம் தண்ணீரில் விடவேண்டும். 20 டிகிரித் தண்ணீரில் இருபது நிமிஷத்துக்குள் பாதி போய்விடும். நம் ஊர்த் தண்ணீரில் இன்னும் சீக்கிரம். கேன் இல்லை, பச்சைத் தண்ணீரில் வேலை செய்யும், அடுப்புச் செலவு மிச்சம். சேல்ஸ்மேன் சொன்னதில் இது எல்லாம் உண்மை. அவர் சொல்லாதது: ஒரு லிட்டரில் கரைந்து நிற்பது சில மில்லிகிராம்தான். எங்கள் பெராக்சைடுத் தொட்டியில் லிட்டருக்கு 800 மில்லிகிராம் வருகிறது. தொடர்ந்து ஊதிக்கொண்டிருந்தாலும் பிடிவாதக் கறைக்கு அது பத்தாது, பக்கத்தில் இன்னொரு பிளீச் வேண்டும். ஈரக்காற்று உள்ளே போனால் மெஷின் தரும் ஓசோன் குறையும், நைட்ரிக் அமிலமும் சேரும். அதனால் காற்றை உலர்த்தும் கருவி தனி. ரப்பரில் ஓசோன் வெடிப்பு விழவைக்கும். மெஷின் கதவு கேஸ்கெட்டும் ஷீட் ஓரத்து எலாஸ்டிக்கும் முதல் பலி. வேலை செய்யும் இடத்துக் காற்றில் பத்து லட்சத்தில் 0.1 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. எங்கள் கடையின் ஒரே ஜன்னல் பக்கத்துவீட்டுச் சுவரைப் பார்த்து இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியின் சொந்த லாண்டரி என்றால் வேறு கதை.

ஓசோனையும் பெராக்சைடையும் தண்ணீரில் சேர்த்தால் இன்னும் வேகமாக அழுக்கை உடைக்கும். கழிவுநீர் சுத்திகரிப்பில் அந்த வழி உண்டு. அப்போது ஹைட்ராக்சில் என்ற, கிடைத்ததையெல்லாம் கடிக்கும் துண்டுகள் பிறக்கின்றன. கூடவே இரண்டு ஹைட்ரஜனுக்கு நடுவில் மூன்று ஆக்சிஜன் வரிசையாக நிற்கும் டிரையாக்சிடேன் என்ற விசித்திரப் பொருளும் வரும். அது தண்ணீரில் ஒரு நொடியின் சிறு பின்னம்தான் தாங்கும். மூன்று ஆக்சிஜன் சங்கிலி கொண்ட அதன் கரிமச் சொந்தக்காரர்கள் காற்று மண்டலத்திலேயே உருவாகின்றன என்று 2022-இல்தான் காட்டினார்கள். மாமாவுக்கு இதில் ஆர்வம் வரவில்லை. "அது எவ்ளோ மாப்ள, கிலோ?" என்று கேட்டார்.

முடிவு இப்படி ஆயிற்று. நர்சிங் ஹோம் துணிக்கு 35 சதவீதப் பெராக்சைடு. 50 மலிவுதான், ஆனால் அதைப் போர் தண்ணீரில் கலந்து குறைக்கிறேன் என்று யாராவது ஆரம்பித்தால் இரும்பும் சேர்ந்து உள்ளே போகும், அந்த ரிஸ்க் சின்னக் கடைக்கு வேண்டாம். லாட்ஜ் துணியில் டீ, எண்ணெய், வெற்றிலைக் கறை தனியாகப் பிரித்ததற்கு மட்டும் பவுடர். ஓசோன் இல்லை. பிளீச்சிங் பவுடரை மாமா விடவில்லை. தரை கழுவவும் சாக்கடைக்கும் பின்பக்கம் இருக்கட்டும் என்றார். சரிதான், ஆனால் பெராக்சைடு முன்பக்கம். இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு ஆக்சிஜனாகக் கொதிக்கும். இருட்டில் பார்த்தால் அந்த ஆக்சிஜன் மங்கலான சிவப்பு வெளிச்சம் விடும். சோதனைக்கூடத்தில் ஒருமுறை பார்த்திருக்கிறேன், அழகாக இருக்கும், கடையில் பார்க்க வேண்டியதில்லை. அந்த நாற்பது ஷீட்டையும் எதாலும் மீட்க முடியவில்லை. மாமா காசு கட்டினார். மெஷின் துடைக்க அவைதான் ஓடுகின்றன.

கேன் இருப்பது மாடிப்படிக்கு அடியில், பிளாஸ்டிக் தட்டில், சிமென்ட் தரையில், பக்கத்தில் தண்ணீர்க் குழாய். மரப்பலகை வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு: சிந்தியது மரத்திலோ பஞ்சிலோ ஊறிக் காய்ந்தால் தானாகவே தீப்பிடிக்கலாம். மூடியில் காற்றுப்போகச் சின்னத் துளை இருக்கும். கார்த்திகையில் ஒருநாள் கடைப்பையன், தூசி போகிறதே என்று நல்ல எண்ணத்தில் அந்த மூடிமேல் கேரிபேக்கை மடித்து ரப்பர் பேண்ட் போட்டு, அதன்மேல் செல்லோடேப்பும் சுற்றிவிட்டான். மூன்றாம் நாள் காலையில் கேன் நாலு பக்கமும் பூரி மாதிரி உப்பியிருந்தது. மாமா கண்ணாடி மாட்டி, கையை நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு டேப்பைக் கிழித்தார். ரொம்ப நேரம் ஸ்ஸ்ஸ் என்றது. இப்போது கேனில் பச்சை மார்க்கரில் அவர் கையெழுத்தில் இருக்கிறது: 'மூச்சு வுடட்டும். மூடாதே.'